மூன்கேக் விழா இரவில் சைனாடவுன்: எங்கே நடப்பது, எதைப் படம் பிடிப்பது

நிழல்வேட்டை · செப்டம்பர் 14, 2025

சிங்கப்பூர் சைனாடவுனில் விளக்கு அலங்காரத்துக்கான நேரம் வந்துவிட்டது. சீனர்கள் முழுநிலவையொட்டி மூன்கேக் என்ற பலகாரம் உண்டு, விளக்கு ஏந்திக் கொண்டாடும் விழா இது. இந்த ஆண்டு முழுநிலவு நாள் அக்டோபர் 6. நம் மன்றத்திலும் படங்கள் குவிய ஆரம்பிக்கும். அதற்கு முன்னாலேயே இந்த இழையைத் திறக்கிறேன். மனதில் ரொம்ப நாளாக ஓர் ஆதங்கம் இருக்கிறது.

வருகிற படங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் எடுத்தவை. பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் பக்கத்து நடைமேம்பாலத்தில் நின்று, கீழே நியூ பிரிட்ஜ் ரோட்டையும் யூ டோங் சென் ஸ்திரீட்டையும் பார்த்து, கார் விளக்குகள் கோடாக இழுபட, நடுவில் பெரிய அலங்கார உருவங்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஒரு மனிதர் முகம்கூட இருக்காது. எந்த ஆண்டு எடுத்தது என்று தெரிவதுகூட அந்த ஆண்டு வைத்த பொம்மையை வைத்துத்தான்.

என் கருத்து இது. சைனாடவுனில் விழா நடப்பது தலைக்கு மேலே இல்லை, இடுப்பு உயரத்தில். குழந்தை கையில் குச்சி, குச்சி முனையில் விளக்கு, பக்கத்தில் பாட்டி. அதைப் பார்க்க வேண்டுமானால் பாலத்திலிருந்து இறங்கி, பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட், ஸ்மித் ஸ்திரீட், டிரெங்கானு ஸ்திரீட், சேகோ ஸ்திரீட் என்று உள்ளே நடக்க வேண்டும். நடுத்தெருவில் அல்ல, ஓரத்து ஐந்தடி நடையில். 1822இல் ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தில், ஒவ்வொரு கடைவீட்டின் முன்னாலும் கூரை போட்ட நடைவழி விட வேண்டும், அது தெரு முழுக்கத் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்த நடைவழிதான் இன்றைக்குப் படம் எடுக்கிறவருக்குக் கிடைத்த வரம். தூண்கள் சட்டம் போட்டுத் தரும். மழை வந்தாலும் நிற்கலாம். வெளியே விளக்கு வெளிச்சம், உள்ளே நிழல், நடுவில் ஆள் நடந்து வருவார். வேறென்ன வேண்டும்?

நான் நடக்கும் வழியைச் சொல்கிறேன். மாலை நான்கு மணிவாக்கில் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் தொடங்குவேன். தியான் ஹோக் கெங் கோயிலை மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், அதனால் முதலில் அது. பிறகு அதன் பின்பக்கம் அமோய் ஸ்திரீட்டில் இருக்கும் நீளச் சுவரோவியம். அங்கிருந்து கிளப் ஸ்திரீட் மேடு ஏறி, முகமது அலி லேன் வழியாக இறங்கி சவுத் பிரிட்ஜ் ரோடு. அந்தச் சந்தில் யிப் யூ சோங் வரைந்த ஓவியங்களில் ஒன்று இந்த விழாவையே காட்டுகிறது, குழந்தைகள் விளக்கோடு விளையாடுகிறார்கள். வானம் நீலமாக மாறும் நேரத்தில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்க வேண்டும். இருட்டியபின் உள்தெருக்கள். கடைசியில் கிரேத்தா ஆயர் சதுக்கம்.

உங்கள் வழி எது, உங்கள் கண்ணில் பட்டது எது, சொல்லுங்கள்.

திருச்சி_ராகவி · செப்டம்பர் 14

அண்ணா, சரியான நேரத்துல இழை போட்டீங்க. நாங்க அக்டோபர் முதல் வாரம் திருச்சியிலிருந்து வர்றோம், நான், வீட்டுக்காரர், ஆறு வயசுப் பையன். என்கிட்ட கேமரா எல்லாம் இல்ல, ஃபோன் மட்டும்தான். மூணு கேள்வி. எந்த நாள் போனா நல்லது, முழுநிலவு அன்னைக்கா, முன்னாடியா? சின்னப் பிள்ளையைக் கூட்டிட்டு அந்தக் கூட்டத்துல நடக்க முடியுமா? அப்புறம், நாங்க சைவம். மூன்கேக் சாப்பிடலாமா?

புக்கித்மேரா_அமுதா · செப்டம்பர் 15

ராகவி, வாங்க வாங்க. முதல்ல சாப்பாடு. பழைய முறை மூன்கேக் மாவுல பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்க, உள்ளே தாமரை விதை விழுதுக்கு நடுவுல உப்புப் போட்ட வாத்து முட்டை மஞ்சள் கரு இருக்கும். அதனால கடையில சும்மா கை நீட்டி வாங்கிடாதீங்க. சைவ மூன்கேக் தனியா வரும், பெட்டியில எழுதியிருக்கும், கேட்டா காட்டுவாங்க. அதுலயும் முட்டை உண்டா இல்லையான்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. சேகோ ஸ்திரீட்டுல 1935இல் ஆரம்பிச்ச தாய் சோங் கோக் கடை இருக்கு. வாங்காட்டியும் அந்த வாசல்ல கொஞ்ச நேரம் நில்லுங்க.

பையனுக்குப் பிடிக்கும்னு ஒண்ணு சொல்றேன். இந்த சீசன்ல பன்றிக்குட்டி பிஸ்கெட்டுன்னு ஒண்ணு விப்பாங்க. மூன்கேக்கோட மேல்மாவை மட்டும் பன்றிக்குட்டி மாதிரி பிடிச்சு, கண்ணு வச்சு, சுட்டு எடுத்து, ஒவ்வொண்ணையும் சின்னக் கலர் பிளாஸ்டிக் கூடையில போட்டு வாசல்ல தொங்க விடுவாங்க. பச்சை, சிவப்பு, மஞ்சள்னு வரிசையா கூடை, உள்ளே பழுப்பு நிறத்துல குட்டி, கூடை ஓட்டை வழியா மூக்கு மட்டும் வெளியே தெரியும். வாடிக்கைக்காரங்க கை பட்டா எல்லாக் கூடையும் சேர்ந்து ஆடும். ஃபோன்ல எடுக்க அதைவிட நல்ல விஷயம் அங்கே இல்ல.

கூட்டம்: முழுநிலவு அன்னைக்கும் அதை ஒட்டின சனி, ஞாயிறுலயும் பகோடா ஸ்திரீட்டுல நெருக்கித் தள்ளும். வார நாள் ஒரு தடவை போய் நிதானமா பாருங்க, முழுநிலவு அன்னைக்குச் சும்மா ஒரு எட்டு எட்டிப் பாருங்க. பையனுக்கு அங்கேயே ஒரு விளக்கு வாங்கிக் கொடுங்க. பேட்டரி போட்டுப் பாட்டுப் பாடுறது வேண்டாம். கம்பியில செலோஃபேன் ஒட்டின கோழி, மீன், முயல் கிடைக்கும், மெழுகுவத்தி வைக்கிறது. கேட்டு வாங்குங்க.

கறுப்புவெள்ளை · செப்டம்பர் 15

யார் மனதையும் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் நிழல்வேட்டை சொல்லும் பழைய சைனாடவுன் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. 1989இல் அதைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்தார்கள். கட்டடங்கள் பிழைத்தன, நல்லது. ஆனால் அதற்குள் வாழ்ந்தவர்கள்? மேல்மாடியில் ஒரே தளத்தைப் பலகை வைத்துத் தடுத்துத் தடுத்துக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளில் இன்று விடுதி இருக்கிறது, மதுக்கூடம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. கீழே காந்தப் பொம்மையும் சட்டையும் விற்கிறார்கள். மூங்கில் கழியில் துணி காயப்போட்ட ஜன்னல்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன.

நாம் ஏக்கத்தோடு படம் எடுப்பது எதை? புதுச் சாயம் பூசிய முகப்பை. அதன் மேல் மின்விளக்கு. நான் இதற்காகப் பினாங்கு போவேன். ஜார்ஜ் டவுனில் இன்னும் ஆள் குடியிருக்கிறார்கள். அங்கே சுவர் உரிந்திருக்கும், வாசலில் ஊதுபத்தி எரியும், உள்ளே யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்கள். அது நிஜம்.

பினாங்குச்செல்வி · செப்டம்பர் 15

கறுப்புவெள்ளை, எங்கள் ஊரைப் புகழ்ந்ததற்கு நன்றி. ஆனால் முழுக் கதையும் அது இல்லை. ஜார்ஜ் டவுனில் ஏழைகள் நகரத்துக்குள் இருக்க முடிந்ததற்குக் காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1997இல் அதை நீக்கினார்கள், 2000 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு வாடகை எகிறி, தலைமுறைகளாக இருந்தவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தோம். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் வந்தோம். பெருமைதான். பின்னாலேயே விடுதிகளும் வந்தன. உரிந்த சுவர் என்று நீங்கள் ஆசையாகப் படம் எடுக்கும் வீடு பல நேரம் ஆள் போன வீடு.

ஆர்மேனியன் ஸ்திரீட்டிலும் கேம்பல் ஸ்திரீட்டிலும் விளக்கு விழா அழகுதான், வாருங்கள். ஆனால் சிங்கப்பூர் பொய், பினாங்கு நிஜம் என்று பிரிக்காதீர்கள். ரெண்டு ஊரிலும் ஒரே விஷயம்தான் நடந்தது, வேகம்தான் வேறு.

தஞ்சோங்பகார்_மணியம் · செப்டம்பர் 16

படித்துக்கொண்டே வந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பில்தான் வளர்ந்தோம். வெள்ளிக்கிழமை என்றால் அம்மா எங்களைச் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போவார். கோயிலை விட்டு வெளியே வந்தால் ஒரு பக்கம் பகோடா ஸ்திரீட், இன்னொரு பக்கம் டெம்பிள் ஸ்திரீட். சீனர் பேட்டையின் நடு நெஞ்சில் நம் கோயில். 1827இல் நாராயண பிள்ளை அமைத்தது. அந்த ரெண்டு தெருப் பெயருமே கோயிலையும் கோபுரத்தையும் வைத்து வந்தவைதான். அதனால் சைனாடவுன் எங்களுக்கு வேடிக்கை பார்க்கப் போகும் இடமாக இருந்ததே இல்லை. கோயில் வாசல் தெரு.

அன்றைக்கு ஐந்தடி நடை என்பது நடக்கிற இடமே இல்லை தம்பி. தொழில் செய்கிற இடம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதித் தருகிறவர் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். தூரிகை, மை, சிவப்புக் காகிதம். பக்கத்தில் முடி வெட்டுகிறவர். அடுத்து மரச்செருப்புக் கடை. தெரு முழுக்கத் தள்ளுவண்டி, கூண்டில் ஆமை, பாம்பு, தவளை. தரை எப்போதும் ஈரம். சேகோ லேன் பக்கம் அம்மா கூட்டிப் போக மாட்டார். அங்கே சாவு வீடுகள் இருந்தன. இட நெருக்கடியில் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத முதியவர்களைக் கடைசிக் காலத்தில் அங்கே மாடியில் கொண்டுவந்து படுக்க வைப்பார்கள். கீழே சவப்பெட்டி, மேளம், காகித வீடு, காகித வண்டி. 1961இல் அப்படி ஆட்களை வைத்துக்கொள்வதைத் தடை செய்தார்கள். கடைகள் அதற்குப் பிறகும் சில காலம் இருந்தன. மூங்கில் பிளாச்சு வளைத்து, காகிதம் ஒட்டி, காய வைக்கும் வேலையை அந்த வாசல்களில்தான் முதலில் பார்த்தேன். இறந்தவருக்கு எரிக்கிற வீடும் குழந்தைக்குக் கொடுக்கிற விளக்கும் ஒரே கைவேலைதான்.

மூன்கேக் விழாவுக்கு எங்கள் குடியிருப்புக் குழந்தைகளும் விளக்கு ஏந்துவோம். தமிழ்க் குழந்தை, மலாய்க் குழந்தை, சீனக் குழந்தை என்று பார்க்க மாட்டோம். அம்மா ஒரு வெள்ளி கொடுத்தால் அதில் மெழுகுவத்தி போக மிட்டாய்க்கும் மிச்சம் இருக்கும். செலோஃபேன் தீப்பிடித்தால் அழுகை. மறுநாள் கம்பியை வளைத்துப் பழைய காகிதம் ஒட்டி மறுபடி ஊர்வலம்.

கறுப்புவெள்ளைக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆட்கள் போய்விட்டார்கள் என்கிறீர்கள். எங்கே போனார்கள்? நிறையப் பேர் தூரத்துப் புதுநகர்களுக்குப் போனார்கள், உண்மை. ஆனால் கொஞ்சப் பேர் மேலே போனார்கள். 1983இல் தெருவோர வியாபாரிகளை ஸ்மித் ஸ்திரீட்டில் புதிதாகக் கட்டிய கட்டடத்துக்குள் மாற்றினார்கள், இப்போது சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் என்கிறோமே அது. கீழே ஈரச்சந்தை, அதற்கு மேலே 200க்கும் மேற்பட்ட சாப்பாட்டுக் கடை, அதற்கும் மேலே வீடுகள். நீங்கள் முகப்பைப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்கிறீர்கள். சாயங்காலம் அந்தப் புளோக்கு லிஃப்ட் வாசலில் நின்று பாருங்கள்.

நிழல்வேட்டை · செப்டம்பர் 16

மணியம் ஐயா, நான் சொல்ல வந்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

கறுப்புவெள்ளை, கட்டடத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் கட்டடத்தை நான் படம் எடுப்பதில்லை. விழா இரவில் கிரேத்தா ஆயர் சதுக்கத்துக்கு வாருங்கள், புத்தர் பல் கோயிலுக்கும் காம்ப்ளெக்ஸுக்கும் நடுவில். புத்தர் கோயில் 2007இல் திறந்தது, புதுசு. சதுக்கம் பழைய அழகு எதுவும் இல்லாத சிமெண்டுத் தரை. அங்கே சீனச் சதுரங்கம் நடக்கும். ஒரு பலகைக்கு ஆடுகிறவர் ரெண்டு பேர், யோசனை சொல்கிறவர் ஆறு பேர். காயைத் தூக்கி வைக்கிற சத்தம் கல்லில் கல் பட்ட மாதிரி விழும். ஒருவர் சட்டையை வயிறு வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மடித்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மேடையில் கான்டனீஸ் என்ற சீன மொழிப் பாட்டு ஓடினால் பாட்டிமார் உதடு அசையும். மேலே தொங்குகிற விளக்கின் சிவப்பு அந்த நரைத்த தலைகளில் விழும். இதை யாரும் சுற்றுலாப் பயணிக்காகச் செய்யவில்லை. விழா இல்லாத நாளிலும் அவர்கள் அங்கேதான் இருப்பார்கள். விழா அன்றைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள், அவ்வளவுதான்.

ஸ்மித் ஸ்திரீட்டும் டிரெங்கானு ஸ்திரீட்டும் சந்திக்கும் முனையில் 1887இல் கட்டிய லாய் சுன் யுவென் கூத்துக் கொட்டகைக் கட்டடம் நிற்கிறது. மூன்று மாடி. கான்டனீஸ் கூத்து பார்க்க அந்தக் காலத்தில் கூட்டம் அலைமோதிய இடம். அதனால்தான் அந்தத் தெருவையே கூத்துக்கொட்டகைத் தெரு என்று சீனர்கள் அழைத்தார்கள். இன்று அது வேறு வேலைக்குப் போய்விட்டது, நீங்கள் சொல்கிற மாதிரிதான். ஆனால் அந்தப் பாட்டைத் தெரிந்தவர் கொஞ்ச தூரத்தில் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் அவரைத்தான் படம் எடுக்கச் சொல்கிறேன்.

கறுப்புவெள்ளை · செப்டம்பர் 17

ஐயா எழுதியதை ரெண்டு முறை படித்தேன். லிஃப்ட் வாசல் என்று சொன்னது மனதில் நிற்கிறது. கட்டடங்களைப் பற்றிய என் வருத்தம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அதோடு இன்னொரு கேள்வியும் வருகிறது.

அந்தப் பெரியவர்களைப் படம் எடுக்கலாமா? வயிறு தெரிய உட்கார்ந்திருக்கிறவரை, வாய் திறந்து தூங்குகிறவரை, கேட்காமல் எடுத்து வலையில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. அவர் வீட்டு வாசல் அது. உங்கள் தாத்தாவை யாராவது அப்படி எடுத்தால் விடுவீர்களா?

தெருக்கண் · செப்டம்பர் 17

கேட்டுவிட்டு எடுத்தால் அது தெருப்படம் இல்லை. அவர் உடனே நிமிர்ந்து உட்கார்வார், சட்டையை இறக்குவார், ரெண்டு விரலைக் காட்டுவார். அந்தக் கணம் போச்சு. பொது இடத்தில் படம் எடுக்கச் சிங்கப்பூரில் சட்டத்தடை கிடையாது. கண்ணியமாக எடுத்தால் போதும்.

புக்கித்மேரா_அமுதா · செப்டம்பர் 17

சட்டம் இருக்கட்டும் தம்பி. என் மாமியார் காலையில சந்தைக்குப் போறப்ப யாரோ லென்ஸை மூஞ்சிக்கு நேரா நீட்டியிருக்காங்க. அன்னைக்கு முழுக்க அவங்க சரியா சாப்பிடல. "எதுக்கு என்னை எடுத்தான், நான் என்ன அவ்வளவு பரிதாபமாவா இருக்கேன்"னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பொது இடம்னு அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?

நிழல்வேட்டை · செப்டம்பர் 17

அமுதா அக்கா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல. என் வழக்கம் இது: முதலில் போய் நிற்பேன். ஆட்டத்தைப் பார்ப்பேன், உண்மையாகவே பார்ப்பேன், கேமரா கழுத்தில் தொங்கும். கொஞ்ச நேரத்தில் யாராவது நிமிர்ந்து பார்ப்பார். கேமராவைத் தொட்டுக் காட்டித் தலையசைத்துக் கேட்பேன். பெரும்பாலும் சரி என்று கை காட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம், அங்கேயே நின்று ஆட்டம் பார்ப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. நிமிர்ந்து உட்கார்கிறார் என்று தெருக்கண் சொல்வது முதல் ஒரு நிமிடத்துக்குத்தான். காய் வெட்டுப்பட்டதும் கேமராவை மறந்துவிடுவார். சட்டை சுருட்டியிருந்தவரை நான் கையும் பலகையும் மட்டும் வருகிற மாதிரி எடுத்தேன். அந்தக் கை போதும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. பெற்றோரிடம் கேட்காமல் எடுப்பதே இல்லை.

தெருக்கண் · செப்டம்பர் 18

இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், ஆனால் அக்கா மாமியார் விஷயம் உறுத்துகிறது. தூங்குகிறவர்களை எடுப்பதை விட்டுவிடுகிறேன்.

புதுக்கேமரா_ஹரி · செப்டம்பர் 19

தொழில்நுட்பக் கேள்வி கேட்கலாமா? போன ஆண்டுத் தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில் எடுத்த படங்களில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டுக் கோடு விழுந்தது. சிவப்பு விளக்கு எல்லாம் வெறும் சிவப்புக் கட்டியாக வந்தது, மேலே எழுதியிருந்தது எதுவும் தெரியவில்லை. கேமரா கோளாறா?

நிழல்வேட்டை · செப்டம்பர் 19

கேமரா நல்லாத்தான் இருக்கிறது. அந்தக் கோடு எல்இடி விளக்கின் துடிப்பு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். நம் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/500 நொடி வைத்து எடுத்திருப்பீர்கள், அது வரிவரியாகப் படிக்கும்போது மங்கலான கணமும் பிரகாசமான கணமும் ஒரே படத்தில் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள், வேகத்தை 1/100 அல்லது 1/50இல் வையுங்கள். முழுத் துடிப்பும் உள்ளே வந்துவிடும்.

சிவப்புக் கட்டி வேறு சிக்கல். கேமரா சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அதற்குள் சிவப்பு நிரம்பி வழிந்துவிடும். கேமரா காட்டும் மொத்த வெளிச்ச வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) பார்க்காதீர்கள், சிவப்புக்கான தனி வரைபடத்தைப் பாருங்கள். வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் குறையுங்கள், ரா (RAW) கோப்பாக எடுங்கள். நிழலைப் பிறகு தூக்கலாம், போன சிவப்பு திரும்பாது. ஆட்டோ வெள்ளைச் சமநிலையும் வேண்டாம், அது விளக்கின் சூட்டையே துடைத்துவிடும். 3800 கெல்வின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மெழுகுவத்தி விளக்குக்கு இதெல்லாம் செல்லாது. அதற்கு லென்ஸ் திறப்பு எஃப் 1.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200க்குக் குறையாமல். விளக்கு உயரத்துக்கு நீங்கள் குனிய வேண்டும், முடிந்தால் தரையில் உட்காருங்கள். குழந்தை விளக்கை முகத்துப் பக்கம் தூக்கும், மெழுகு எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்க்க. அந்த நேரம் மட்டும் முகம் பொன்னிறமாக ஒளிரும். ஃபிளாஷ் போட்டால் எல்லாம் பாழ்.

புதுக்கேமரா_ஹரி · செப்டம்பர் 19

நன்றி அண்ணா. நிலாவையும் விளக்கையும் ஒரே படத்தில் கொண்டுவர முடியுமா?

பினாங்குச்செல்வி · செப்டம்பர் 20

முடியும், ஆனால் நேரம் குறைவு. முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி ஏறக்குறைய நேர் கிழக்கில் எழும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சாய்ந்து ஏறாது, ஏறக்குறைய செங்குத்தாக மேலே போகும், மணிக்கு 15 பாகை. எட்டரை மணிக்குள் கூரைக்கு மேலே தப்பித்துவிடும், நள்ளிரவு தாண்டி உச்சியில். அதனால் ஏழேகாலுக்கும் எட்டுக்கும் நடுவில், கிழக்கே திறப்பு இருக்கிற உயரமான இடத்திலிருந்து நீள லென்ஸில் எடுக்க வேண்டும். இதற்கு மட்டும் நிழல்வேட்டை திட்டிய அந்த நடைமேம்பாலம் உதவும். மேகம் மறைத்தால் விட்டுவிடுங்கள். அக்டோபரில் பிற்பகல் இடிமழை சகஜம். மழை விட்ட பின் தெருவே கண்ணாடி ஆகிவிடும், அதில் விளக்கைத் தலைகீழாக எடுங்கள்.

தஞ்சோங்பகார்_மணியம் · செப்டம்பர் 20

சவுத் பிரிட்ஜ் ரோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். நீலநேரத்தில் அங்கே இருக்கச் சொன்னார் நிழல்வேட்டை. ஏன் என்று நான் சொல்கிறேன். மொஸ்க் ஸ்திரீட் முனையில் ஜாமியா சூலியா பள்ளிவாசல், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவியது. எங்கள் ஆட்கள் பெரிய பள்ளி என்பார்கள். தெலுக் ஆயரில் இருக்கிற சிறியது குச்சுப் பள்ளி. பெரிய பள்ளியிலிருந்து சில எட்டு நடந்தால் கோபுரம். இன்னும் கொஞ்சம் நடந்தால் புத்தர் கோயில். இந்த வரிசை முழுக்கச் சீன விளக்குத் தோரணம். மாரியம்மன் கோயில் மதில் மேலே பசு உருவங்கள் படுத்திருக்கின்றன அல்லவா, தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் அவற்றின் தலைக்கு மேலே விளக்கு வரும்.

தெலுக் ஆயரிலும் அதே உறவுதான். அந்தத் தெரு அக்காலத்தில் கடற்கரை. கடல் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்த ஹொக்கியன் சீனர்கள் கடல் தாய் மாசுவுக்கு 1839 முதல் 1842 வரை தியான் ஹோக் கெங் கட்டினார்கள். அதே தெருவில் அதற்குப் பத்தாண்டு முன்னாலேயே, 1828 முதல் 1830 வரை, நம் தமிழ் முஸ்லிம்கள் சாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக நாகூர் தர்காவைக் கட்டிவிட்டார்கள். ரெண்டு பேரும் ஒரே பயத்தோடு கப்பலில் வந்தவர்கள்.

இந்த ஆண்டு இன்னொன்று. முழுநிலவு அக்டோபர் 6, தீபாவளி 20. நடுவில் தீமிதி வருகிறது. பெருமாள் கோயிலிலிருந்து இரவு முழுக்க நடந்து வருகிற பக்தர்கள் இந்தச் சாலையில்தான் வந்து சேர்வார்கள். மஞ்சள் வேட்டி, வேப்பிலை, மேலே முயல் விளக்கு இன்னும் கழற்றாமல் இருந்தால் அதை எடுங்கள். ஆனால் அன்றைக்கு வழியை மறிக்காதீர்கள், விரதத்தோடு வருகிறார்கள்.

திருச்சி_ராகவி · அக்டோபர் 9

ஊருக்குத் திரும்பிட்டோம்! எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன்.

வார நாள் ஒரு தடவை, முழுநிலவு அன்னைக்கு ஒரு தடவைன்னு அமுதா அக்கா சொன்ன மாதிரியே போனோம். பையனுக்குச் செலோஃபேன் கோழி விளக்கு வாங்கினோம், பச்சை வால், சிவப்புக் கொண்டை. அடியில கம்பியைச் சுருட்டி வச்சிருக்காங்க, அதுலதான் மெழுகுவத்தியைச் செருகணும். எங்களுக்கு வைக்கத் தெரியல, சரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. சதுக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கூப்பிட்டாங்க. பாஷை தெரியல. மெழுகுவத்தியோட அடியைத் தீக்குச்சியால கொஞ்சம் உருக்கி, சொட்டு விட்டு, அது இறுகறதுக்குள்ள கம்பியில அழுத்திப் பிடிச்சாங்க. கையை எடுத்தா நேரா நிக்குது. பையனைப் பார்த்து என்னமோ சொல்லிச் சிரிச்சாங்க. நான் ஃபோனைக் காட்டிக் கேட்டேன், முகத்தை வேண்டாம்னு கையால மறைச்சாங்க. கையை எடுத்துக்கலாமான்னு சைகையில கேட்டேன், சரின்னாங்க. அதனால படத்துல பாட்டியோட கையும் கோழியும் பையன் மூக்கும்தான் இருக்கு. ஃபோன்ல புரோ மோட் போட்டு 1/50 வச்சேன், கோடு விழல. கீழே இணைச்சிருக்கேன்.

கறுப்புவெள்ளை · அக்டோபர் 9

நல்ல படம், ராகவி. பாட்டியின் கட்டைவிரல் நகத்தில் மெழுகு ஒட்டியிருப்பதுகூடத் தெரிகிறது. இடது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வருகிறது, சிலர் வெட்டச் சொல்வார்கள், வெட்டாதீர்கள்.

நானும் போனேன், காம்ப்ளெக்ஸ் லிஃப்ட் பக்கம். ஃபிலிம் கேமரா, கழுவி வர நாளாகும். தீமிதி இரவுக்கும் போகப் போகிறேன். மணியம் ஐயா, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் பக்தர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் எந்தப் பக்கம் நிற்கலாம்?

தஞ்சோங்பகார்_மணியம் · அக்டோபர் 10

கோயிலுக்கு எதிர்ச்சாரி, ஐந்தடி நடையில் தூணை ஒட்டி. சீக்கிரம் வந்துவிடுங்கள், பிறகு தடுப்பு போட்டுவிடுவார்கள், சாலையைக் கடக்க முடியாது. நானும் அந்தப் பக்கம்தான் இருப்பேன், வெள்ளைச் சட்டை, கையில் குடை. பார்த்தால் கூப்பிடுங்கள்.